கோடை விடுமுறையும் பாண்டுப் பயிற்சி முகாமும்

சித்திரை பிறந்துவிட்டால் தலைநகரில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஊர்ப் பயணத்தைத் தவிர வேறு பேச்சு எழுவதில்லை. எந்த நாளில் புறப்படுவது, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்ததா, பாட்டிக்கு என்ன வாங்கிச் செல்வது என்பனவே இரவு உணவு வேளையின் பொருள்கள். இந்நிலையில் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வருகிறது. பாண்டு வாத்தியக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் ஜூன் மாதத்தில் பன்னிரண்டு நாள் பயிற்சி முகாமில் கட்டாயமாகக் கலந்துகொள்ள வேண்டும் என்று அதில் கண்டிருக்கிறது. மகிழ்ச்சியும் மனக்கலக்கமும் ஒருங்கே வீட்டுக்குள் நுழைகின்றன.

சென்ற ஆண்டு எங்கள் இல்லத்திலும் இதுவே நிகழ்ந்தது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகளுக்குச் சைடு டிரம் கிடைத்திருந்தது. முகாமின் நாள்களும் நாங்கள் மார்ச்சு மாதத்திலேயே பதிவு செய்திருந்த பயணத்தின் நாள்களும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. கும்பகோணத்துக்கு அருகே தனித்து வாழும் பாட்டிக்கு அப்போது வயது எண்பத்திரண்டு. ஆண்டுக்கு ஒரு முறைதான் பேரக் குழந்தைகளைக் காண்கிறார். இன்னும் எத்தனை கோடைகள் எஞ்சியிருக்கின்றன என்பதை யார் அறிவார்? குழந்தையோ வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சுற்றறிக்கையை நான்காக மடித்துத் தன் புத்தகப் பையிலேயே இரண்டு நாள் வைத்திருந்தாள்.

சுற்றறிக்கை சற்று முன்னரே வந்திருந்தால் இந்தத் தொல்லை பாதி குறைந்திருக்கும் என்று எங்களுக்குத் தோன்றாமல் இல்லை. ஆயினும் பள்ளியைக் குறை கூறிப் பயன் என்ன? இரயிலில் இடம் பதிவு செய்வது 2024 நவம்பர் முதல் அறுபது நாள்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. அதற்கு முன் நூற்றிருபது நாளாக இருந்தது. ஆகவே மே மாத நடுவில் புறப்பட எண்ணுவோர் மார்ச்சு மாத நடுவில் பதிவு செய்தாக வேண்டும். மார்ச்சு முதல் வாரத்திலேயே பாண்டு ஆசிரியரை நேரில் கண்டு, முகாம் உண்டா, எந்த நாள்களில் என்று கேட்டுவிடுவது நல்லது. தேதி முடிவாகாவிட்டாலும், ஏறத்தாழ எப்போது என்பதையாவது அவர் சொல்லிவிடுவார்.

ஆசிரியர்கள் ஏன் இத்துணைக் கண்டிப்பாக இருக்கிறார்கள் என்பதும் விளங்கவேண்டும். பாண்டு என்பது தனித்தனியே கற்றுக் கடைசியில் சேர்த்துக்கொள்ளும் கலை அன்று. அணிவகுப்பில் பொதுவாக நிமிடத்துக்கு 120 அடி, அடிக்கு 30 அங்குலம் என்ற கணக்கில் நடக்கிறார்கள். பெரிய முரசின் ஓங்கிய அடி விழும்போது எல்லோருடைய இடக்காலும் தரையில் விழவேண்டும். ஒரு மாணவி நான்கு நாள் வராவிட்டால், அவள் வரிசையில் ஒரு வெற்றிடம் நிற்கிறது. திரும்பும்போது அருகிலிருப்பவர் கால் தடுமாறுகிறது. ஆகஸ்டு 15-ஆம் நாள் கொடியேற்றத்துக்கு விடுமுறை முடிந்த பிறகு எஞ்சுவது ஆறு வாரமே. இப்போது பள்ளிகளுக்கான தேசியப் பாண்டுப் போட்டியும் நடைபெறுகிறது. பித்தளை வாத்தியம், பைப் என்று இரு வகை. மாணவருக்கும் மாணவியருக்கும் தனித்தனி. நாட்டின் நான்கு மண்டலங்களிலிருந்தும் வென்ற 16 குழுக்கள் 2025 ஜனவரியில் புது தில்லி மேஜர் தியான் சந்த் தேசிய அரங்கில் இறுதிப் போட்டியில் கலந்துகொண்டன. அந்த அரங்கின் மீது கண் வைத்திருக்கும் ஆசிரியர் விடுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பதில் வியப்பில்லை.

எங்கள் உறவினர் ஒருவர், “வெள்ளைக்காரன் விட்டுப்போன வாத்தியத்துக்காகவா ஊருக்குப் போவதை நிறுத்துகிறீர்கள்? அந்த நேரத்தில் குழந்தை நான்கு கீர்த்தனை கற்றுக்கொள்ளலாமே!” என்றார். அவருக்கு நாங்கள் முத்துசுவாமி தீட்சிதரை நினைவூட்டினோம். சென்னைக் கோட்டையின் ஐரோப்பிய பாண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் அமைத்தவர் அவர். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படும் அவை ஏறக்குறைய நாற்பது. பிற்காலத்தில் கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனைக் கச்சேரி மேடையில் ஏற்றினாரே, அந்தக் கருவியை அவர் சிறுவயதில் முதன்முதல் கேட்டதும் மைசூர் அரண்மனைப் பாண்டில்தான். உறவினர் பதில் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டுப் புறப்பட்டார்.

இனி முகாமுக்கு வருவோம். இதில் முதலாவதும் முக்கியமானதும் வெயில்தான். ஜூன் தொடக்கத்தில் தில்லியில் காலை ஐந்தரை மணிக்கு முன்பே கதிரவன் எழுந்துவிடுகிறான்; எட்டு மணிக்குள் மைதானம் அடுப்பாகிவிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் மின்விசிறிக்கும் கூலருக்கும் கீழே கிடந்த பிள்ளையைத் திடீரென்று அங்கே நிறுத்தினால் உடல் தாங்காது. மனித உடல் வெப்பத்துக்குப் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும் என்பது மருத்துவர் கண்ட உண்மை. வெப்பத்தால் விளையும் கேடுகள் மிகுதியும் முதல் சில நாள்களிலேயே நேர்வதற்கும் அதுவே காரணம். ஆதலால் முகாமுக்குப் பத்து நாள் முன்பே காலையில் அரை மணி நேரம் நடக்கச் செய்து, நாள்தோறும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். எங்கள் குடியிருப்பின் பூங்காவைத் தந்தையும் மகளும் சுற்றி வந்தபோது, ஏதோ மருத்துவர் ஆணை போலும் என்று அண்டை வீட்டார் பரிவோடு நலம் விசாரித்தார்கள்.

தாகம் எடுத்த பிறகு குடிப்பது என்ற வழக்கம் அங்கே உதவாது. புறப்படும் முன்பே ஒரு குவளை குடிக்கவேண்டும், இடைவேளைதோறும் குடிக்கவேண்டும். சிறுநீர் மஞ்சள் மிகுந்து இருந்தால் நீர் போதவில்லை என்று பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுத்துவிடலாம். மிகுந்து வியர்க்கும் நாள்களில் வீட்டில் உப்பிட்ட நீர்மோர் சிறந்தது. ஆனால் அதைப் புட்டியில் அடைத்து மைதானத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதை முதல் நாளே கண்டோம். பையும் உள்ளிருந்த இசைத்தாள்களும் புளித்துப்போயின! மருந்துக் கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். தூளை, உறையில் குறித்துள்ள அளவு நீரில் உறை முழுவதையும் கரைத்துக் கொடுப்பது எளிது. அது கிடைக்காத வேளையில் ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, சேர்த்துக்கொள்ளலாம். உப்பை மட்டும் கைக்கு வந்தபடி போடுதல் கூடாது.

பிள்ளை பொருந்தாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, உடல் அனலாய்க் கொதித்தாலோ அது வெறும் களைப்பு அன்று; வெப்பத்தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, காலணியையும் இடைவாரையும் தளர்த்தி, உடல் முழுவதும் நீரை ஊற்றி விசிறவேண்டும். 112 என்ற எண்ணுக்குச் சொல்லவேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் நீரைப் புகட்டுதல் ஆகாது. வண்டி வரட்டும் என்று காத்திராமல் குளிர்விக்கத் தொடங்குவதே உயிர் காப்பது. முகாமில் இதை அறிந்த பெரியவர் ஒருவர் எப்போதும் இருப்பாரா என்று கேட்கப் பெற்றோர் கூச வேண்டியதில்லை. நாங்கள் கேட்டோம். அதன் பின்னரே மைதானத்தின் ஓரத்தில் நீர்த்தொட்டியும் பனிக்கட்டிப் பெட்டியும் வந்தன.

அசையாமல் நிற்கும்போது மயங்கி விழும் பிள்ளைகள் வேறு வகை. முழங்காலை இறுக்கி நெடுநேரம் நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கிவிடுகிறது. முழங்காலைச் சற்றே தளர்த்தி, காலணிக்குள் விரல்களை மடக்கி நீட்டி, கெண்டைச் சதையை இறுக்கி விட்டுக்கொண்டிருந்தால் வெளியே ஒருவருக்கும் தெரியாது, மயக்கமும் வராது. வெறும் வயிற்றோடு அனுப்புவதும் தவறு. புறப்படும் வேளையில் ஆறு இட்லியைத் திணிப்பதும் தவறு. விடியுமுன் ஒரு வாழைப்பழமும் பாலும், திரும்பி வந்ததும் முறையான பலகாரமும் எங்களுக்குப் பொருந்தின.

காலணி புதிதாக இருக்கவே கூடாது. இரண்டு வாரம் முன்பே வாங்கி வீட்டுக்குள் அணிந்து பழக்கவேண்டும். காலுறை நான்கு இணையாவது வேண்டும். நனைந்த காலுறையே கொப்புளத்துக்குத் தாய். கொப்புளம் எழுந்தால் ஊசியால் குத்தாமல் மூடிக் கட்டிவிடுக. ஊதும் வாத்தியம் வாசிப்போர் வாய்த்துண்டை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளாமல், நாள்தோறும் கழுவவேண்டும். டிரம் வரிசையில் நிற்போருக்குக் காதும் கவலைக்குரியது. 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலைக் கால் மணி நேரமே தாங்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பஞ்சு போதாது, மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் வாங்கிக் கொடுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மருந்து பெட்டிக்குள் அன்று, பிள்ளையின் சட்டைப் பையில் இருக்கவேண்டும். மாதவிடாய் நாள்களைப் பற்றித் தாயார் மகளோடு முன்கூட்டியே பேசிவிடுவதும், எந்த ஆசிரியையிடம் சொல்லலாம் என்று தெரிந்து வைப்பதும், வெட்கத்துக்காக ஒத்திப்போடத் தக்கவை அல்ல.

வீட்டுப் பயிற்சிக்கு டிரம் தேவையில்லை. பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பலகையில் இழுத்து ஆணியடித்தால் போதும். கீழ் வீட்டார் பகைமையும் தவிரும். வலம் வலம், இடம் இடம் என்று இரட்டை அடியாக ஓடும் பாடத்தை டிரம் வாசிப்போர் ‘டாடி மம்மி’ என்று அழைப்பது மரபாம். நாள் முழுவதும் அதைக் கேட்ட எங்கள் சிறிய பையன் ஆணைச் சொற்களையும் கற்றுக்கொண்டான். ‘சாவ்தான்’ என்றால் நிமிர்ந்து நில். ‘விஷ்ராம்’ என்றால் இளைப்பாறி நில். ‘தேஜ் சல்’ என்றால் நட. சமையலறை வாயிலில் கையில் பாத்திரத்தோடு வருபவரை ‘தம்!’ என்று அவன் நிறுத்திவிடுவதுதான் பொறுக்கமுடியாமல் போயிற்று.

பயண விஷயத்தை எப்படி முடித்தோம் என்று சொல்லவில்லையே. தாயும் மகனும் ஊருக்குப் போவது, தந்தையும் மகளும் தில்லியில் இருப்பது, நவராத்திரிக்கு எல்லோரும் ஒருமுறை போய் வருவது என்று தீர்மானித்தோம். இரண்டு பயணச்சீட்டுகளை நீக்கியதில் பணம் குறைந்தது. இரண்டாம் பயணத்துக்குச் செலவு கூடியது. அதைவிடப் பாட்டியிடம் சொல்வதே கடினமாக இருந்தது. குழந்தையே சொல்லட்டும் என்று தொலைபேசியை அவளிடம் கொடுத்தோம். எதிர்முனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “டிரம் என்கிறாயே, அதைத் தோளில் மாட்டுவாயா, இடுப்பில் கட்டுவாயா?” என்று கேட்டார். வலத்தோளிலிருந்து இடப்பக்கம் தொங்கும் என்றாள். “நம் கோயில் தவில்காரர் வாருக்கு அடியில் துண்டை மடித்து வைத்துக்கொள்வார். நீயும் அப்படியே செய். இல்லாவிட்டால் தோள் கன்றிப் போகும், அம்மா” என்றார் பாட்டி.

நான்கைந்து கிலோ எடையுள்ள கருவி அது. பன்னிரண்டு நாளும் பழைய பருத்தித் துண்டு ஒன்று அவள் தோளில் இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து வரிசையில் மற்றப் பிள்ளைகளும் ஆளுக்கொரு துணி கொண்டுவந்தார்கள் என்று கேள்வி.

கடைசி நாள் காலையில் பெற்றோருக்காக அணிவகுப்பு நடத்திக் காட்டினார்கள். தந்தையின் கையிலிருந்த தொலைபேசி வழியே ஊரில் தாயும் மகனும் பாட்டியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காற்றின் இரைச்சலும் பெரிய முரசும்தான் முதலில் அங்கே கேட்டனவாம். பிறகு சைடு டிரம் வரிசை தொடங்கியது. பாட்டி, “இதில் நம் குழந்தை அடிப்பது எது?” என்று கேட்டார். தந்தையால் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு டிரம்களும் ஒரே டிரம்மாக ஒலித்துக்கொண்டிருந்தன.