மெக்கில் வாசலுக்கு வந்த பழைய வெளிச்சம்

டவுன்டவுனுக்கு வேலைக்குப் போய்வரும் எம்மவர் பலர், ஷேர்புறூக் வீதியிலுள்ள மெக்கில் பல்கலைக்கழக வாசலைத் தினமும் கடந்து செல்கிறார்கள். அந்த வாசலுக்கு உள்ளே நடந்த ஒரு ஆராய்ச்சி, உலக விஞ்ஞானிகளைத் திரும்பிப் பார்க்க வைத்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

எமது சூரியன், பால்வீதி என்னும் நட்சத்திர மண்டலத்தைச் சேர்ந்தது. இப்படியான மண்டலங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து கொத்தாக இருப்பதுண்டு. கொத்தின் நடுவே, குடும்பத்துக்கு மூத்தவர் போல, மிகப் பெரியதும் பிரகாசமானதுமான ஒரு மண்டலம் இருக்கும்.

அதன் ஒளி பெரும்பாலும் மஞ்சள் கலந்த சிவப்பு. கம்மாலையில் காய்ச்சிய இரும்பை நினைத்துப் பாருங்கள். கடுஞ்சூட்டில் வெள்ளையாக ஒளிரும். சூடு குறையச் சிவக்கும். நட்சத்திரங்களும் அவ்வாறே. சூடு கூடிய நீல நட்சத்திரங்கள் விரைவில் எரிந்து முடியும். சிவந்தவை நெடுங்காலம் நிலைக்கும். ஆகவே சிவந்த ஒளி என்றால், அங்கே புதிய நட்சத்திரங்கள் பிறப்பது அநேகமாக நின்றுவிட்டது என்று பொருள்.

காரணம் என்ன? கேத்தில் ஆவி குளிர்ந்தால்தான் துளியாகும். வாயுவும் குளிர்ந்தால்தான் நட்சத்திரமாகத் திரளும். நடுவிலுள்ள இராட்சதக் கருந்துளையோ, சுற்றியுள்ள வாயுவைக் குளிரவிடாமல் சூடேற்றுகிறது.

2015ஆம் ஆண்டு மெக்கில் பேராசிரியர் ட்ரேசி வெப் தலைமையிலான குழு இதற்கு மாறான ஒன்றைக் கண்டது. ஸ்பார்க்ஸ் 1049 என்ற கொத்தின் நடு மண்டலத்தில், ஆண்டுக்குச் சுமார் 860 சூரியன்களின் எடைக்கு நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருந்தன. பால்வீதியில் பிறப்பதோ ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான். தூசு மறைத்த அந்த ஒளியை, ஸ்பிற்சர் ரெலிஸ்கோப் அகச்சிவப்புக் கதிர்களில் பிடித்துக் காட்டியது. ஏறத்தாழ 980 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த வெளிச்சம் அது. அது புறப்பட்டபோது எமது பூமியே பிறந்திருக்கவில்லை!

2020இல் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் ஜூலி லவாசெக்-லறொண்டோ தலைமையிலான குழு இதற்கு விளக்கம் தந்தது. அங்கே குளிர்ந்த வாயு, கருந்துளையை விட்டு வெகுதூரம் விலகிக் கிடந்தது. இரையில்லாத கருந்துளை அடங்கிக் கிடக்க, வாயு தடையின்றிக் குளிர்ந்து நட்சத்திரங்களாயிற்று.

இதைக் காட்டிக் கொடுத்தது 1999இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட சந்திரா எக்ஸ் கதிர் ரெலிஸ்கோப். அந்தப் பெயர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1983இல் நொபெல் பரிசு பெற்ற தமிழர் சுப்ரமணியன் சந்திரசேகரின் நினைவாக இடப்பட்டது.

பெற்றோர்களே, மெக்கில் வானியலாளர்கள் பொதுமக்களுக்கு இலவச விரிவுரைகள் நடத்தி வந்திருக்கிறார்கள். அடுத்தது எப்போது என்று விசாரித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். பாஷை முழுதும் விளங்காவிட்டாலும் பாதகமில்லை. நாம் வெளியே நின்று பார்க்கும் அந்த வாசல், தமக்கும் உரியது என்பது பிள்ளைகளுக்கு விளங்கட்டும்.