ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் கேஸ் எவ்வளவு 'கெட்டி'?

எண்ணெயைச் சூடு பண்ணினா இளகி ஓடும். அதோட பாகுநிலை, அதாவது விஸ்காசிட்டி, குறையுது. காற்றுக்கு இது நேரெதிர்: சூடாக்கினா விஸ்காசிட்டி கூடும். வாயுவில் மூலக்கூறுகள் தள்ளித் தள்ளி இருக்கு. சூடு ஏற ஏற வேகமா ஓடி, பக்கத்து அடுக்கோட மோதி, அதன் ஓட்டத்தைக் கலைக்குது.

இப்போ வட கடலுக்குப் போவோம். ஸ்காட்லாந்துக்குக் கிழக்கே எல்ஜின்-ஃபிராங்க்ளின் வயல். 5 கிலோமீட்டருக்கும் கீழே கேஸ். ஆரம்பத்துல அழுத்தம் சுமார் 1,100 பார், வெப்பம் 190 டிகிரி செல்சியஸ் பக்கம். அந்த அமுக்கத்துல மூலக்கூறுகள் கிட்டத்தட்ட திரவம் மாதிரி நெருங்கிடும். பேருக்குத்தான் கேஸ், சூடு ஏறினா எண்ணெய் மாதிரி விஸ்காசிட்டி குறையும். விதியே தலைகீழ்!

இது ஏன் முக்கியம்? பாறைத் துளைகள் வழியா கேஸ் வரும் வேகம் விஸ்காசிட்டிக்கு எதிர்விகிதத்தில் இருக்கு. கணக்குல 10% குறைவா போட்டுட்டா, எதிர்பார்த்த கேஸ்ல பத்துல ஒரு பங்கு வராது. அந்த எண்ணை நம்பித்தான் குழாயும் மேடையும் கட்டுறாங்க.

இதுக்குத் துறையில ரொம்பப் பிரபலமான சூத்திரம் 1966-ல் லீ, கொன்சாலஸ், ஈக்கின் கொடுத்தது. அருமையான சூத்திரம், எக்செல்ல ஒரே வரி. ஆனா அதுக்கான சோதனைகள் 8,000 பிஎஸ்ஐ, 171 டிகிரியோட நின்னுடுச்சு. 8,000 பிஎஸ்ஐ-ன்னா சுமார் 550 பார். எல்ஜின்ல அதைப் போல இரண்டு மடங்கு. சூத்திரத்துக்கு அது தெரியாது. எரர் எதுவும் காட்டாம ஒரு எண்ணைத் துப்பிடும்.

"நியூரல் நெட்வொர்க் போட்டா முடிஞ்சுது"ன்னு நம்ம ஆளுங்க கிளம்புவாங்க. (நானும் அதே ஜாதிதான், கோடு எழுதுறவன்.) டேட்டாவைக் குலுக்கி 80-20-ன்னு பிரிச்சா டெஸ்ட் ஸ்கோர் பிரமாதமா வரும். ஏன்னா டெஸ்ட்ல இருக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்துலயே ஒரு ட்ரெய்னிங் புள்ளி இருக்கும். நேர்மையான டெஸ்ட் வேற: உயர் அழுத்தப் புள்ளிகளை மொத்தமா ஒதுக்கி வெச்சுட்டு, அதைக் கணிக்கச் சொல்லணும். அங்கே பல மாடல் சறுக்கும். இன்னொரு லேயர் சேர்க்கிறதைவிட, லேபில் 1,000 பாரில் அளந்த பத்து புள்ளி மேல்னு நான் சொல்வேன். அப்படி அளக்கிறது செலவும் ஆபத்தும் பிடிச்ச வேலை. அதனாலதான் டேட்டா இவ்வளவு கம்மி.

டேட்டாவே இல்லாமலும் ஒரு சோதனை பண்ணலாம். அழுத்தத்தை 1,000 பாரில் நிறுத்தி, வெப்பத்தை 50-லிருந்து 200 டிகிரி வரை ஏத்தி, மாடல் சொல்றதைக் கோடா வரைங்க. கோடு கீழே இறங்கணும். மேலே ஏறினா, அது இன்னும் காற்றைத்தான் கணிச்சுக்கிட்டு இருக்கு.