"எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்ற கேள்விக்குப் பொருள் என்ன?

மருத்துவமனைகளுக்கு வரும் நோயாளிகளிடமும் உடன் வருவோரிடமும் ஆய்வாளர்கள் சில வேளைகளில் இவ்வாறு கேட்பதுண்டு: "வலி குறைந்த ஊசி ஒன்று வருமானால், அதற்குக் கூடுதலாக 200 ரூபாய் கொடுப்பீர்களா?" இதைக் கேட்டதும் பலருக்கு ஐயம் எழுகிறது. கட்டணத்தை உயர்த்தப் போகிறார்களா? முடியாது என்றால் நமக்குரிய கவனிப்புக் குறைந்துவிடுமா? வேறு சிலர் மதிப்பைக் கருதி, "எவ்வளவு ஆனாலும் கொடுப்போம்" என்று கூறிவிடுகின்றனர். இக்கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது, அதன் விடை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதற்காக அளக்கின்றனர்?

அரிசிக்கும் காய்கறிக்கும் சந்தையில் விலை உண்டு. வலியின்றி உறங்கும் ஓர் இரவுக்கோ, காத்திருப்பு இரண்டு மணி நேரம் குறைவதற்கோ, மாசில்லாத காற்றுக்கோ அப்படிப்பட்ட விலை இல்லை. ஆயினும், பொதுப்பணத்தை எதற்குச் செலவிடுவது என முடிவு செய்வோர், மக்கள் இவற்றை எந்த அளவுக்கு மதிக்கின்றனர் என்பதை அறிய வேண்டியுள்ளது. அதற்கான அளவுகோல்களுள் ஒன்று 'செலுத்த இசையும் தொகை'. ஒரு பயனைப் பெறுவதற்காக ஒருவர் விட்டுக்கொடுக்க உடன்படும் உச்சத் தொகை என்பது அதன் பொருள்.

இதனை இரு வழிகளில் அளக்கின்றனர். மக்களின் செயலைக் கவனிப்பது ஒரு வழி: ஒரு மருத்துவ முகாமுக்கு வர எவ்வளவு தொலைவு பயணம் செய்தனர், எவ்வளவு செலவிட்டனர், எத்தனை நாள் கூலியை இழந்தனர் என்று கணக்கிடலாம். நேரடியாகக் கேட்பது மற்றொரு வழி.

கேட்டு அறியும் முறை பரவலாகப் பேசப்படுவதற்குக் காரணமாக அமைந்தது ஒரு கடல் விபத்து. 1989 மார்ச் மாதம் அலாஸ்கா கடலில் எக்ஸான் வால்டெஸ் என்ற கப்பல் பாறைத் திட்டில் மோதியதில் பெருமளவு எண்ணெய் கொட்டியது. கடற்பறவைகளுக்கும் நீர்நாய்களுக்கும் சந்தை விலை ஏது? எனவே, இனி இத்தகைய விபத்து நேராமல் தடுக்க எவ்வளவு கொடுப்பீர்கள் என அமெரிக்கக் குடும்பங்களிடம் ஆய்வாளர்கள் கேட்டனர். விடைகளின் அடிப்படையில் நாடு முழுவதற்கும் கணித்த தொகை சுமார் 280 கோடி டாலர். இம்முறை நம்பத்தக்கதா என்ற வாதம் எழுந்தபோது, கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ ஆகிய நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர்களின் தலைமையில் அமைந்த குழு 1993இல் சில நெறிகளை வகுத்தது. "எவ்வளவு தருவீர்கள்?" எனப் பொதுவாகக் கேட்பதைவிட, ஒரு தொகையைக் கூறி ஆம் அல்லது இல்லை என்ற விடையைப் பெறுவது நல்லது, அத்தொகையைக் கொடுத்தால் வீட்டின் பிற செலவுகளுக்குப் பணம் குறையும் என்பதையும் நினைவூட்ட வேண்டும் என்று அக்குழு கூறியது.

விடை எதைக் காட்டாது?

கேள்வியின் அமைப்பு மாறினால் விடையும் மாறும். பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1980இல் இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தந்தார். உயிரைப் பறிக்கும் நோய் உங்களுக்குத் தொற்றியிருக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு உள்ளது; அதைப் போக்கும் மருந்துக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்? பலரும் கூறக்கூடிய விடை 200 டாலர். அதே ஆயிரத்தில் ஒரு வாய்ப்புள்ள ஆபத்தை ஓர் ஆய்வுக்காக ஏற்க எவ்வளவு கேட்பீர்கள்? 10,000 டாலர் வேண்டும் என்பர். ஆபத்தின் அளவு ஒன்றே. தொகைகளோ ஐம்பது மடங்கு வேறுபடுகின்றன.

இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. இசைவு என்பது தேவையை மட்டும் சார்ந்ததன்று, கையிருப்பையும் சார்ந்தது. கென்யாவில் கர்ப்பிணிகளுக்கு மலேரியாவைத் தடுக்கும் மருந்திட்ட கொசுவலைகளை வழங்கி, ஜெசிகா கோஹன், பாஸ்கலீன் டுபா ஆகியோர் ஓர் ஆய்வு செய்தனர். சில மருத்துவ நிலையங்களில் வலை இலவசம். சிலவற்றில் சிறு விலை. விலை 60 அமெரிக்க சென்ட் ஆனபோது, வலையைப் பெற்றவர்களின் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. இலவசமாகப் பெற்ற பெண்களோ, விலை கொடுத்தவர்களுக்குக் குறையாமல் வலையைப் பயன்படுத்தினர். 2010இல் வெளியான இவ்வாய்வு உணர்த்துவது தெளிவு: பணம் கொடுக்காதவருக்கு அது தேவையில்லை என்று எண்ணுவது பிழை. நம் நாட்டில் குழந்தைகளுக்கான தடுப்பூசிகளும் காசநோய் மருந்துகளும் அரசால் இலவசமாக வழங்கப்படுவதன் நியாயமும் இதுவே.

உங்களிடம் கேட்கப்படும்போது

ஆய்வுக்காகக் கேட்டால், உங்கள் குடும்பத்தின் மாதச் செலவை மனத்தில் கொண்டு விடை கூறுங்கள். "முடியாது" என்பதும், "தெரியவில்லை" என்பதும் முறையான விடைகளே. பங்கேற்க மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதனால் சிகிச்சை மாறக் கூடாது என்பது ஆய்வு நெறி.

மருத்துவர் தம் அறையில், "இந்த மருந்துக்கு மாதம் இவ்வளவு ஆகும், தொடர்ந்து வாங்க இயலுமா?" என்று கேட்பது வேறு. அங்கே உங்கள் விடையை ஒட்டியே மருந்துச்சீட்டு எழுதப்படுகிறது. நோயாளி எதிரில் அமர்ந்திருக்கையில் "இயலாது" என்று கூற மகனுக்கும் மகளுக்கும் நா எழுவதில்லை. அது பாசக்குறைவாகத் தோன்றும் என அஞ்சுகின்றனர். பின்னர் நடப்பதை நாங்கள் காண்கிறோம். இன்சுலின் ஒருநாள் விட்டு ஒருநாள் போடப்படுகிறது. மாத்திரை பாதியாக உடைக்கப்படுகிறது. மூன்றாம் மாதம் மருந்தே நின்றுவிடுகிறது. சர்க்கரை குறையவில்லையே என எண்ணி நாங்கள் அளவைக் கூட்டுகிறோம். உண்மைக் காரணம் எங்களுக்குத் தெரிவதில்லை.

முன்கூட்டியே தெரிந்தால் வழிகள் உள்ளன. அதே மூலக்கூறு குறைந்த விலையில் மக்கள் மருந்தகங்களில் கிடைக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அச்சிகிச்சை அடங்குகிறதா எனப் பார்க்கலாம். சில பரிசோதனைகளைத் தள்ளிவைக்கவும் இயலும். நோயாளியின் முன் பேசத் தயக்கமாக இருந்தால், அவர் வெளியே சென்றபின் தனியே கூறுங்கள்; அல்லது ஒரு தாளில் மாதத்திற்கு இயலும் தொகையை எழுதி, மருந்துச்சீட்டுடன் சேர்த்துக் கொடுங்கள். அத்தொகைக்குள் எதை முதலில் செய்வது என்பதை நாம் சேர்ந்து முடிவு செய்யலாம்.