தோல் நோயும் மேல் சிகிச்சையும்: நிபுணரின் முடிவை அறிந்துகொள்வோம்

அரிப்பு, படை, கொப்புளம், ஆறாத புண் எனத் தோல் நோய் பல வடிவங்களில் தோன்றுகிறது. வெயிலிலும் மழையிலும் நின்று பால் வெட்டும் தொழிலாளர்க்கு இது புதியதன்று. இத்தகைய நோய்களுள் பெரும்பாலானவற்றை அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திலேயே குணப்படுத்திவிடலாம். நோய் இன்னதென்று உறுதியாகத் தெரியாதபோதும், கொடுத்த மருந்துக்கு அது அடங்காதபோதும் தோல் நிபுணரின் ஆலோசனை பெறப்படுகிறது.

நிபுணர் நோயாளியை நேரில் பார்க்கலாம். அல்லது சுகாதார நிலைய மருத்துவர் அனுப்பும் குறிப்பையும் நிழற்படத்தையும் பார்த்துக் கருத்துக் கூறலாம். எவ்வாறாயினும் முடிவு மூன்று வகைப்படும். இங்கேயே மருந்து கொடுத்தால் போதும் என்பது ஒன்று. இங்கேயே மருந்து கொடுத்து, குறித்த நாளில் மீண்டும் பார்க்க வேண்டும் என்பது மற்றொன்று. பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது மூன்றாவது. இம்மூன்றின் பொருளையும் தெரிந்துகொள்ளாதவர்கள், அனுப்பினால் அஞ்சுகின்றனர். அனுப்பாவிட்டால் தம்மைப் புறக்கணித்துவிட்டதாக வருந்துகின்றனர். இரண்டும் தேவையற்றவை.

அச்சம் எங்கிருந்து வந்தது?

கோலாலங்காட் மாவட்டத்திலுள்ள கேரித் தீவு, எட்வர்டு வேலண்டைன் கேரி என்னும் தோட்டத்துரையின் பெயரைத் தாங்கியது. இன்று செம்பனை நிறைந்துள்ள அத்தீவில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பயிரிடப்பட்டது. அக்காலத்தில் தோட்ட மக்களுக்கு முதல் மருத்துவராக விளங்கியவர் ‘டிரஸ்சர்’ எனப்பட்ட தோட்ட மருத்துவ உதவியாளரே. இவர்களைப் பதிவு செய்வதற்கென்று 1965ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. எந்த நோயைத் தோட்டத்திலேயே வைத்துப் பார்ப்பது, எதை வெளியே அனுப்புவது என்னும் முடிவு பெரும்பாலும் அவர் கையில்தான் இருந்தது.

அந்நாளில் வெளியே அனுப்பப்படுவது என்பது ஒரு நோயைப் பொறுத்தமட்டில் மிகக் கொடிய பொருளுடையதாயிருந்தது. அதுதான் தொழுநோய். 1926ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க வகைசெய்தது. 1930இல் சுங்கை பூலோவில் பெரியதொரு தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. அங்கு அனுப்பப்பட்டவர் மனைவி மக்களைப் பிரிய நேர்ந்தது. ஊர் திரும்புவது எளிதாக இல்லை. ஆகவே, தேமல் போன்ற ஒரு தழும்பு தோன்றினாலும் அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. ‘அனுப்புகிறார்கள்’ என்ற சொல்லுக்கே நடுங்கும் பழக்கம் அவ்வாறுதான் வேரூன்றியது.

அந்த நிலைமை இன்று இல்லை. 1969இல் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருத்துவ முறையைப் பரிந்துரைத்தது. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ அம்மருந்தை உட்கொண்டால் நோய் குணமாகிறது. நோயாளி வீட்டிலேயே இருக்கலாம். மருந்தைத் தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குப் பரவும் ஆற்றல் நோய்க்கு அற்றுப்போகிறது. ஆனால் காலந்தாழ்த்தினால் நரம்பு கெட்டு, விரல் மடங்கிப் போகும். கெட்ட நரம்பை எந்த மருந்தும் முழுமையாக மீட்டுத் தராது. முன்பு அனுப்பப்படுவதற்கு அஞ்சினோம். இன்று அனுப்பப்படாமல் இருந்துவிடுவதற்கே அஞ்ச வேண்டும்.

அனுப்பத் தேவையில்லாதவை

‘சார்லி’ என்று பலரும் அழைக்கும் சிறு வண்டை எடுத்துக்கொள்வோம். இரவில் விளக்கொளியை நாடி வரும் இவ்வண்டைத் தோலின்மீது நசுக்கிவிட்டால், அதன் உடற்சாறு பட்ட இடம் மறுநாளளவில் தீப்பட்டதுபோல் கோடாகச் சிவந்து கொப்பளிக்கும். பார்ப்பதற்கு அச்சந்தரும். எனினும் முறையாகக் கழுவி மருந்திட்டால் ஓரிரு வாரங்களில் ஆறிவிடும். இதற்குப் பெரிய மருத்துவமனை தேவையில்லை.

சொறி சிரங்கும் அவ்வாறே. ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. அரிப்பு உள்ளவர் மட்டுமின்றி, ஒரே வீட்டில் வாழும் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்ள வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் நோய் மீண்டும் வீட்டைச் சுற்றிவரும். அப்போது மருந்தையோ மருத்துவரையோ குறைகூறிப் பயனில்லை.

படைக்கும் ஒரு சொல். கடையில் விற்கும் ஸ்டிராய்டு களிம்பைத் தாமே வாங்கிப் பூசினால் அரிப்பு அடங்கியதுபோல் தோன்றும். படையோ அடியில் பரவும். உருவமும் மாறிவிடுவதால் நிபுணருக்கே நோயைக் கண்டறிவது கடினமாகும். எந்தக் களிம்பைப் பூசினோம் என்பதை மறைக்காமல் கூறுவதும், அதன் குழாயைக் கையோடு எடுத்துச் செல்வதும் நன்று.

கட்டாயம் அனுப்ப வேண்டியவை

பின்வரும் அறிகுறிகளைக் கண்டால் சுகாதார நிலையத்திற்கு உடனே செல்லுதல் வேண்டும்.

வெளிறிய அல்லது செந்நிறத் தழும்பு இருந்து, அவ்விடத்தில் தொடு உணர்ச்சியோ சூடோ தெரியாதிருத்தல்.

வாரக்கணக்கில் ஆறாத புண். வடிவமோ நிறமோ மாறி வளர்கின்ற மச்சம். குறிப்பாக உள்ளங்காலில் தோன்றிப் பரவும் கரும்புள்ளி.

புதிய மருந்தொன்றை உட்கொண்டபின் காய்ச்சலுடன் உடலெங்கும் சிவந்து, வாயிலும் கண்ணிலும் புண் உண்டாதல். இது உயிருக்கே ஆபத்தானது. தேதி குறிக்கும் வரை காத்திராமல், அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

நீரிழிவு நோய் உள்ளவர்க்குக் கால் சிவந்து வீங்கிச் சூடேறுதல். இதற்கும் நாள் கடத்தலாகாது.

தொழிலால் வரும் நோய்

தோட்டத் தொழிலாளர் தனியே கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம், பால் உறையாமல் காக்கும் அம்மோனியா, களைகொல்லி மருந்துகள், ரெங்காஸ் மரத்தின் சாறு ஆகியவை தோலைப் புண்ணாக்கக்கூடியவை. ரப்பர்ப் பாலே ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. இத்தகைய நோய்க்குக் களிம்பு மட்டும் கொடுத்து மீண்டும் அதே வேலைக்கு அனுப்பினால், நோய் ஆறுவதும் திரும்புவதுமாகவே இருக்கும். காரணம் எது என்பதைக் கண்டறியத் தோல் நிபுணர் ஒட்டுப் பரிசோதனை செய்வார். முதுகில் சிறுசிறு அளவில் பொருள்களை ஒட்டி, 2 நாள் கழித்து எடுத்து, அதன்பின் மீண்டும் ஒருமுறை பார்ப்பர். இதற்குப் பலமுறை சென்றுவர வேண்டியிருக்கும். இடையில் நிறுத்திவிடுதல் கூடாது.

1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, தொழிலால் வந்த தோல் நோய்க்கும் சொக்சோவில் உரிமை கோரலாம். 2019 முதல் அந்நியத் தொழிலாளர்களும் இப்பாதுகாப்பில் சேர்க்கப்பட்டுள்ளனர். இவ்வுரிமைக்கு மருத்துவரின் எழுத்து அவசியம். ‘படை’ என்று மட்டும் எழுதப்பட்ட சீட்டு ஒன்று. ‘வேலையில் தொடும் அமிலத்தால் உண்டான நோய்’ என்று எழுதப்பட்ட அறிக்கை வேறொன்று. ஆகையால், என்ன வேலை செய்கிறோம், எதைத் தொடுகிறோம், விடுமுறை நாளில் நோய் குறைகிறதா என்பவற்றை மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமே கூற வேண்டும்.

நம் கடமை

கேரித் தீவிலிருந்து புறப்படுபவர் தெலுக் பங்ளிமா காராங்கிலோ பந்திங்கிலோ முதல் சிகிச்சை பெற்று, தேவைப்பட்டால் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ கோலாலம்பூருக்கோ செல்ல நேரிடும். ஒரு நாள் சம்பளமும் பயணச் செலவும் அதில் போகும் என்பதை மருத்துவர்களும் அறிவர். எனவேதான் தேவையற்ற பயணத்தைத் தவிர்க்க, நிபுணரின் கருத்தைச் சுகாதார நிலையத்திற்கே வரவழைக்கின்றனர். ‘இங்கேயே பார்க்கலாம்’ என்ற முடிவு ஏழையைத் தட்டிக் கழிக்கும் முடிவன்று.

ஆயினும் அம்முடிவு என்றைக்கும் மாறாததன்று. எத்தனை நாளில் குணம் தெரிய வேண்டும், எந்த அறிகுறி தோன்றினால் முன்னதாகவே வர வேண்டும் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுத் தெரிந்துகொண்டே வெளியே வருதல் வேண்டும். குறித்த காலத்தில் குணம் தெரியாவிட்டால் மீண்டும் சென்று, மேல் சிகிச்சைக்கு அனுப்பும்படி கேட்பது நோயாளியின் உரிமையாகும். பரிந்துரைக் கடிதம் கிடைத்தால் அதைப் பத்திரப்படுத்தி, குறித்த தேதியில் தவறாது செல்ல வேண்டும். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்கள் செலுத்தும் கட்டணம் 1 வெள்ளி; நிபுணர் பிரிவில் 5 வெள்ளி. கை விரல்களுக்கு ஈடாக இத்தொகை எம்மாத்திரம்? மரத்தில் ஒரு சிறு காயம் பட்டாலும் கவனிக்கும் கைகள், தம் தோலில் தோன்றும் காயத்தையும் அவ்வாறே கவனிக்கட்டும்.