தாமிரபரணியில் தண்ணீர் போதுமா?



"தாமிரபரணி வற்றாத ஜீவநதியாயிற்றே, தூத்துக்குடிக்கு ஏன் தண்ணீர்க் கஷ்டம்?" என்று அநேகர் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பொதிகை மலையில் பிறந்து, சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னக்காயலில் கடலோடு கலக்கிற ஆறு அது. அதன் நீர் நெருக்கடியை அளப்பது எப்படி என்பதை இம்மடலில் விளக்க முயலுகிறோம்.

உலகெங்கும் வழங்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. சுவீடன் நாட்டு நீரியல் அறிஞர் மாலின் பால்கன்மார்க் 1989-ல் கொடுத்தது. ஓராண்டில் கிடைக்கும் நீரை மக்கள்தொகையால் வகுக்க வேண்டும். தலைக்கு 1,700 கனமீட்டருக்குக் குறைந்தால் நெருக்கடி. 1,000-க்கும் கீழே போனால் பஞ்சம்.

எங்கள் பகுதிக்கு இது பாதிதான் உதவும். காலையில் 103 டிகிரியும் இரவில் 95 டிகிரியும் இருக்கிற நோயாளிக்கு, சராசரி 99 என்று சீட்டில் எழுதிவிட்டு எந்த நர்ஸும் நகர்ந்துவிட மாட்டார். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. 2023 டிசம்பரிலோ காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் மாவட்டத்துக்கு ஆண்டு முழுவதற்குமான சராசரியே அவ்வளவு கிடையாது! குளங்களை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போன அந்த வெள்ளத்தைக் கணக்கில் சேர்த்தால், அந்த ஆண்டு நாங்கள் செழிப்பானவர்கள். அடுத்த கோடையில் அதைக் குடிக்க முடியாது என்பதுதான் விஷயம். ஆகவே மாதவாரியாகப் பார்க்க வேண்டும்.

இடவாரியாகவும் பார்க்க வேண்டும். ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கடைசியானது, வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய ஸ்ரீவைகுண்டம். மேலே உள்ள ஏழும் கார், பிசான நெல்லுக்கு எடுத்தது போக மிஞ்சுவதே இங்கே வரும். அதிலிருந்து வடகாலும் தென்காலும் பிரிகின்றன, குடிநீரும் போகிறது. ஆலைகளுக்கென்று நாளொன்றுக்கு 2 கோடி காலன் எடுக்கும் திட்டமும் 1970-களில் வந்தது. அதாவது சுமார் 9 கோடி லிட்டர். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுப்படி, 6 லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் போதும். ஆலையும் வேண்டியதுதான், அதில் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆனால் கோடையில் யாருடைய பங்கு முதலில் குறைக்கப்படுகிறது என்பதையும் நெருக்கடியின் அளவாகவே நாங்கள் எண்ணுகிறோம். விவசாயிகள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதும் இந்தப் பங்கைப் பற்றித்தான்.

அணைக்கட்டுக்குக் கீழே, முத்துக்குளித்துறையின் பழைய ஊர்களில், இன்னொரு அளவு இருக்கிறது: உப்பு. ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடினால் அது கடல்நீரை வெளியே தள்ளி வைக்கும். ஓட்டம் நின்றால் உவர் மணலுக்குள் ஏறி, கிணற்று நீர் கரிக்கத் தொடங்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; உப்பு போகாது, இன்னும் செறியும். அப்போது குடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்க முடியாதவர் குறைவாகக் குடிப்பார். வெயிலில் உப்பளத்தில் வேலை செய்கிறவர் குறைவாகக் குடித்தால் சிறுநீரகக் கல்லுக்கு அதுவே வழி.

குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. புன்னக்காயல், ஆத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் மே மாதத்தில் ஒருமுறை, மழைக்குப் பின் ஜனவரியில் ஒருமுறை இதை அளந்து எழுதி வைத்தால், ஆறு அந்த ஆண்டு கடல்வரை வந்ததா என்பது அந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடும்.