நடுக்கடலில் முட்டை எப்படிக் கெடாமல் இருக்கிறது, தெரியுமா?

நடுக்கடல். நள்ளிரவு. பாய்மரப் படகின் குட்டிக் கழிவறை. விளக்கைப் போடாமல் கைப்பம்பை அடித்துப் பாருங்கள்... பீங்கானுக்குள் நட்சத்திரங்கள் சுழலும்! கடல்நீரோடு உள்ளே வந்த நுண்ணுயிர்கள், தண்ணீர் கலங்கியதும் நீலப்பச்சையாக மின்னுகிற வித்தை அது. விமானத்தில் முதல் வகுப்பில் போனாலும் இது கிடைக்குமா?

ஒவ்வொரு நவம்பரிலும் கேனரி தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படகுகள் கரீபியனில் இருக்கும் செயின்ட் லூசியாவுக்குக் கிளம்புகின்றன. ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர். வேகம்? நிதானமாக சைக்கிள் மிதிக்கும் வேகம்தான்! ஆனால் ராத்திரி பகல் நிற்காமல். அதனால் மூன்று வாரத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டிவிடுகிறார்கள். வழி கேட்டால் பழைய மாலுமிகள், வெண்ணெய் உருகும்வரை தெற்கே போ, உருகியதும் மேற்கே திரும்பு என்பார்கள். வேடிக்கைப் பேச்சில்லை. வெண்ணெய் உருகும் வெப்பம் வந்துவிட்டால், முதுகில் தள்ளும் வணிகக் காற்றும் வந்துவிட்டது என்று கணக்கு.

புயல் கதை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். எனக்கு ஆச்சரியமெல்லாம் அந்தச் சமையலறைமேல்தான். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு சாயாது! இரண்டு பக்கமும் கீல் வைத்து ஊஞ்சல்போலத் தொங்குகிறது. சாய்வது சமைப்பவர்தான், அவருக்கு இடுப்பில் வார். முட்டைக்கு ஃபிரிட்ஜ் கிடையாது. கழுவாத, ஒருமுறைகூடக் குளிரில் வைக்காத முட்டையாக வாங்கி, சிலர் வாஸ்லினைத் தடவி ஓட்டின் துளைகளை அடைத்து, சில நாளுக்கொருமுறை புரட்டிப் புரட்டி வைப்பார்கள். வாரக்கணக்கில் தாங்கும்! முட்டைக்கோஸும் கடைசிவரை கைவிடாது. வாழைத்தார்தான் துரோகி. ஒரே நாளில் மொத்தமும் பழுத்துவிடும். அப்புறம் மூன்று வேளையும் பழம்தான்.

காலையில் மேல்தளத்துக்குப் போனால் மீன் தானாக வந்து கிடக்கும்! நம் மீனவர்கள் பறவைக்கோலா என்பார்களே, அதுதான். இருட்டில் பறந்து வந்து விழுந்தது, விடிந்ததும் வாணலிக்குப் போகிறது.

தட்டு கழுவக் கடல்நீர். துணியையும் அதிலேயே துவைத்தால் வந்தது வினை. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், சட்டை காயவே காயாது. குடிநீருக்கு ஒரு இயந்திரம் உண்டு. கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப்போல் சுமார் 25 மடங்கு கொடுத்துக் கடல்நீரைச் சவ்வு வழியாகப் பிழிகிறது. பிழிந்து வந்த நீரில் குளியல் போட்டால் மற்றவர்கள் முறைப்பார்கள்!

தூக்கம்? மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறைவைத்துக் காவல். படுக்கையின் ஓரத்தில் துணித்தடுப்பு, உருண்டு விழாமலிருக்க, கிட்டத்தட்ட தூளிதான். தனியாகப் போகிறவர் நிலை பாவம். அடிவானத்தில் தலைகாட்டும் கப்பல் மேலே வந்து மோத 20 நிமிடம் போதும் என்பதால், பலர் அலாரம் வைத்து அந்த 20 நிமிடமே கண்ணயர்வார்கள்.

1969-இல், எங்கும் நிற்காமல் முதன்முதலாகத் தனியே உலகைச் சுற்றிமுடித்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் இப்படி 312 நாள் ஓட்டினார். அந்தப் படகு 'சுஹைலி' எங்கே கட்டியது தெரியுமா? நம் பம்பாயில், தேக்கு மரத்தில்!

இன்னொன்று கேளுங்கள். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா, கேரளத்தின் தில்னா, இரண்டு கடற்படை அதிகாரிகள், 56 அடி நீள 'தாரிணி'யில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, எட்டு மாதத்தில் உலகைச் சுற்றி வந்தார்கள். 2025 ஜனவரி இறுதியில் பசிபிக்கின் நீமோ முனையைக் கடந்தார்கள். எந்தப் பக்கம் போனாலும் கரைக்குக் குறைந்தது 2,688 கிலோமீட்டர்! அங்கே நிற்பவருக்கு அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் யார் என்கிறீர்கள்? சில வேளைகளில் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், தலைக்குமேல் போகும் சர்வதேச விண்வெளி நிலையத்து ஆட்கள்!

கடைசியில் கரை ஏறி, நல்ல தண்ணீரில் ஆசைதீரக் குளிக்க நிற்பார்கள். அப்போது குளியலறைத் தரை ஆடும். படகு அசையாமல் துறையில் கட்டிக் கிடக்க, இவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சோப்புப் போடுவார்கள்.