வாகனத்துக்கு நீராட்டு... எதுவரை?

நவராத்திரியின் ஒன்பதாம் நாளாகிய மகாநவமியில், நமக்கு உழைத்துத் தரும் கருவிகளையெல்லாம் தூய்மை செய்து, சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகிறோம். அரிவாள்மணை முதல் தையல் இயந்திரம் வரை அன்று பூஜைக்கு வரும். இன்றைய இல்லங்களில் அந்த வரிசையின் முதலிடத்தை வாகனம் பெற்றுவிட்டது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் எந்த ஊரிலும் வாட்டர் சர்வீஸ் நிலையங்களின் வாசலில் கார்கள் காத்து நிற்பதைக் காணலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக் காரும் அப்படி நின்றது. வண்டியைக் கழுவிய இளைஞர், "பானெட்டைத் திறந்து இன்ஜினையும் அடிச்சு விட்டுடவா சார்?" என்று கேட்டிருக்கிறார். பூஜைக்குத்தானே, உள்ளும் புறமும் சுத்தமாக இருக்கட்டும் என்று என் மகனும் தலையசைத்துவிட்டான். இன்ஜின் புதிதுபோல் மின்னியது. மறுநாள் மாலையிட்டு, வாழைக்கன்று கட்டி, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிப் பூஜையை நிறைவு செய்தோம்.

விஜயதசமி காலையில் பேரனுக்கு வித்யாரம்பம். கும்பகோணத்திலிருந்து கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குக் கிளம்பினோம். நாச்சியார்கோவிலைத் தாண்டியதும் வண்டி உதறத் தொடங்கியது. டாஷ்போர்டில் இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. சற்றைக்கெல்லாம் வண்டி நின்றே போயிற்று. முழங்கால் வலியுள்ள என் மனைவியும், மடியில் சிலேட்டுடன் பேரனும், சாலையோரப் புளியமர நிழலில் காத்திருக்க நேர்ந்தது.

வந்து பார்த்த மெக்கானிக் முதல் கேள்வியாக, "ஐயா, இன்ஜினுக்குத் தண்ணி அடிச்சீங்களா?" என்றார். காயிலைக் கழற்றிக் காட்டினார். ஸ்பார்க் பிளக் அமர்ந்திருக்கும் குழியில் நீர் தேங்கியிருந்தது. அதைத் துடைத்து, உலர்த்தி, அவர் வண்டியை எழுப்பியபோது பேரனுக்குக் குறித்திருந்த நல்ல நேரம் கடந்துவிட்டது. உச்சிப் பொழுதுக்குப் பின்னரே அன்னையின் சந்நிதியை அடைந்தோம்.

நீர் என்ன செய்கிறது?

கார் டயரில் நாம் நிரப்பும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 30 பவுண்டு. கழுவும் இயந்திரத்திலிருந்து பீறிடும் நீரின் அழுத்தமோ 1,000 பவுண்டுக்கும் மேல். இன்ஜின் அறையின் மின் இணைப்புகள் மழைச்சாரலையும் சாலையில் தெறிக்கும் நீரையும் தாங்குவதற்காக அமைக்கப்பட்டவை. மிக அருகிலிருந்து பாயும் இந்த நீர்த்தாரை, அவற்றின் ரப்பர் காப்பையும் மீறி உள்ளே புகுந்துவிடும்.

இன்ஜின் சூடாக இருந்தால் கேடு இரட்டிப்பாகும். சூடான பாத்திரத்தை மூடி ஆறவிட்டால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி மூடி இறுகப் பற்றிக்கொள்வதை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிவர். அதுபோலச் சூடான கனெக்டர் திடீரெனக் குளிரும்போது, உள்ளே சுருங்கும் காற்று வெளியிலுள்ள நீரை இழுத்துக்கொள்கிறது.

பெட்ரோல் காரின் பாட்டரி தருவது 12 வோல்ட்டே. ஆனால் இக்னிஷன் காயில் அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தித்தான் பிளக்கில் பொறி உண்டாக்குகிறது. குழியில் நீர் இருந்தால் அந்த மின்சாரம் பிளக்கைச் சேராமல் பக்கவாட்டில் கசிந்துவிடும். எரிய வேண்டிய பெட்ரோல் எரியாமல் வெளியேறும், வண்டி உதறும். அந்நிலையிலேயே ஓட்டினால், புகைக்குழாயிலுள்ள விலையுயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெடும்.

டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் இல்லை. ஆயினும் சென்சார்கள், ஃபியூஸ் பெட்டி, மெக்கானிக்குகள் 'டைனமோ' என்றழைக்கும் ஆல்டர்னேட்டர் ஆகியவை அதிலும் உண்டு. இவற்றில் புகுந்த நீர் உடனே தொல்லை தராமலும் இருக்கலாம். செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவதுபோல், இணைப்பு முனைகளில் பச்சை படிந்து, சில வாரங்கள் கழித்துக் கோளாறு தலைகாட்டும்.

தூய்மைக்கு வழி பல

திருவரங்கத்தில் பெரிய பெருமாள் சுதைத் திருமேனியராக எழுந்தருளியிருக்கிறார். ஆகவே திருமஞ்சனம் உற்சவரான நம்பெருமாளுக்கே, மூலவருக்குத் தைலக்காப்புதான். திருமேனியின் தன்மையறிந்து முன்னோர் வகுத்த முறை இது. நம் வீட்டிலும் சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை நீரில் கழுவுவதில்லை. தூசி தட்டித் துடைத்தே அடுக்குகிறோம். வாகனத்தின் வெளிப்புறம் நீராடலாம். பானெட்டுக்கு உள்ளே இருப்பதைப் புத்தகம்போல் பாவிப்பதே தகும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

* வண்டியைக் கழுவ அனுப்பும்போதே, "பானெட்டைத் திறக்க வேண்டாம்" என்று சொல்லி அனுப்புங்கள்.

* இன்ஜின் நன்கு ஆறிய பிறகு, சருகுகளையும் தூசியையும் மென்மையான பிரஷ்ஷால் நீக்கி, பிழிந்த ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

* எண்ணெய்ப் பிசுக்கு மிகுந்திருந்தால், விவரமறிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். மின்பகுதிகளை மூடிவிட்டு அவர் சுத்தம் செய்து தருவார்.

* மின்சாரக் கார், ஹைபிரிட் கார் ஆகியவற்றில் காணும் ஆரஞ்சு நிற வயர்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. அவற்றின் அருகே நீரும் வேண்டாம், கையும் வேண்டாம்.

* சந்தனமும் குங்குமமும் பானெட்டின் மேற்புறத்தில் இட்டால் போதும், இன்ஜின்மேல் வேண்டாம். கற்பூர ஆரத்தியைச் சற்று விலகி நின்று காட்டுங்கள்.

* நீர் புகுந்துவிட்டதாக ஐயம் எழுந்தால், திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். மெக்கானிக்கை வரவழைத்து, பாட்டரி இணைப்பைக் கழற்றி, காயில்களையும் கனெக்டர்களையும் காற்றடித்து உலர்த்தச் சொல்லுங்கள்.

* ஓடும்போது மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள்.

அன்று சந்நிதியில் பேரன் 'அ' எழுதினான். அன்னை நேரம் பார்ப்பவள் அல்லள் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் சாலையோரம் வலியோடு அமர்ந்திருந்த என் மனைவியின் முகம் மறக்கவில்லை. இப்போது ஒவ்வோர் ஆண்டும் பூஜைக்கு முதல் நாள், பழைய வேட்டித் துணியுடன் வாகனத்தின் முன்னால் நிற்பது என் வேலை. மகன் பானெட்டைத் திறந்து பிடிக்க, பேரன் சருகுகளைப் பொறுக்க, நான் துடைக்கிறேன். அரை மணி நேரம்கூட ஆவதில்லை.